கேட்காமல் எடுத்த சட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'நண்பன்' ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பிவிட்ட விமானத்தை ஸ்ரீகாந்த் உடம்புக்கு முடியாதது போல நடித்துத் திருப்ப வைக்கும் காட்சி. பத்து வருஷமாகக் கண்ணில் படாத சிநேகிதன் இருக்குமிடம் தெரிந்துவிட்டதாக ஒரு ஃபோன் வந்திருக்கிறது, அதற்குத்தான் இவ்வளவும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "சரி, காணாமப் போனவன் ஒருத்தன்தானே? மிச்ச ரெண்டு பேரும் இந்தப் பத்து வருஷத்துல அடிக்கடி பாத்துக்கிட்டாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை. ஷங்கர் அந்தப் படத்தை எடுத்தது 2012 பொங்கலுக்கு. இந்தியில் '3 இடியட்ஸ்' வந்தது 2009-இல். இரண்டையும் சேர்த்தால் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. முதல் தடவை பெங்களூரில் கூட்டமான ஒரு தியேட்டரில், ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேரோடு பார்த்தேன். படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. இடைவேளையில் நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, அழுதது தெரிந்துவிடும். இப்போது அந்த நாலு பேரில் இரண்டு பேரின் நம்பர் மாறிவிட்டது, புதிய நம்பர் என்னிடம் இல்லை.

கல்லூரி நட்பைப் பற்றிய தமிழ்ப் படங்கள் எல்லாவற்றிலும் இந்த இடம் வெற்றாகவே இருக்கிறது. படம் பிரிவுபசார நாளில் முடியும். இல்லையென்றால் வருஷங்கள் கழித்து, மறுபடி கூடும் நாளில் தொடங்கும். நடுவில் உள்ள பத்துப் பதினைந்து வருஷத்தை எடிட்டிங் மேசையிலேயே வெட்டிப் போட்ட மாதிரி தாண்டிவிடுவார்கள். மனுஷன் வேலைக்குச் சேர்ந்து, வாடகைக்கு வீடு பிடித்து, கல்யாணம் செய்து, கடன் கட்டி, முடி கொட்டி வாழ்கிற காலம் முழுக்க அந்த வெட்டுக்குள்தான் இருக்கிறது. 'நண்பன்' படத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சவால் விட்ட தேதியைப் பத்து வருஷமும் மறக்காமல் வைத்திருந்து, சொன்ன நாளில் வந்து நிற்பவன் அவர்கள் யாருக்கும் பிடிக்காத ஸ்ரீவத்சன். நண்பர்களைக் கூட்டிச் சேர்ப்பவனே அவன்தான். படம் அவனைக் கேலி செய்துவிட்டுப் போய்விடுகிறது. எனக்கு இப்போதெல்லாம் அவன்மேல்தான் மரியாதை.

இரண்டாவது குறை, இந்தப் படங்களுக்குப் பிரிவு என்றால் ஒரு காரணம் வேண்டும் என்பது. 'காதல் தேசம்' (1996) படத்தில் நடுவே ஒரு பெண் வந்தாக வேண்டும். 'நண்பன்' படத்தில் ஆள்மாறாட்ட ரகசியம். 'சென்னை 600028'இன் இரண்டாம் பாகத்தில் (2016) மனைவிமார்மேல் பழி விழுகிறது. கல்யாணமான ஆண்கள் கூடிச் சிரிக்க முடியாமல் போவதற்கு வீட்டிலிருக்கும் பெண்கள்தான் தடை என்ற பழைய ஜோக்கை வெங்கட் பிரபு சிரிக்கச் சிரிக்க மறுபடியும் சொல்கிறார். சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. எங்கள் நடுவே காதலும் வரவில்லை, துரோகமும் நடக்கவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்கூடத் தேவலாம், சமாதானம் ஆவதற்கு ஒரு வழி இருந்திருக்கும். எங்களுக்கு நடந்ததற்குக் கதை கிடையாது. கதை இல்லாததைத் திரைக்கதை ஆசிரியர் என்ன செய்வார், பாவம்.

என்னதான் நடந்தது என்று சொல்லப் பார்க்கிறேன். முதல் வருஷம் சனிக்கிழமை ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் ரூமில் போய் விழுவோம். இரண்டாம் வருஷம், போவதற்கு முன் ஃபோன் பண்ண ஆரம்பித்தோம். பிறகு ஃபோன் பண்ணுவதற்கு முன் "ஃப்ரீயா?" என்று ஒரு மெசேஜ். அதற்கு ஒரு கட்டைவிரல் பதில். போன வருஷம் என்னோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவன், ஞாயிறு மாலை 5.30 முதல் 6 வரை பேசுவதற்கு ஆபீஸ் மீட்டிங் போல கேலண்டர் இன்வைட் அனுப்பினான். நானும் 'அக்செப்ட்' அழுத்தினேன். இருவரும் நேரத்துக்கு வந்தோம், நன்றாகத்தான் பேசினோம், 5.55-க்கு முடித்துக்கொண்டோம்.

அன்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பெயர் வைக்க முடியவில்லை. அவனுக்கு ஒரு ஆபரேஷன் என்றால் நான் பணம் அனுப்புவேன், அவனும் அனுப்புவான். வேறு ஏதோ ஒன்று போய்விட்டது. அதற்கான சொல் என்னிடம் ரொம்ப நாள் இல்லை.

பிரிவுபசார நாளன்று எல்லாருடைய ஆட்டோகிராஃப் நோட்டிலும் நான் 785-ஆம் குறளை எழுதினேன். ஒன்றாகக் கூடியிருப்பதோ அடிக்கடி பழகுவதோ வேண்டாம், ஒத்த உணர்ச்சியே நட்பின் உரிமையைக் கொடுத்துவிடும் என்று சொல்லும் குறள். பரிமேலழகர் அதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் உதாரணம் காட்டுகிறார். பாண்டிய நாட்டுப் புலவர், உறையூர் அரசன், பார்த்துக்கொள்ளாமலே நண்பர்கள். கேட்டவுடன் நெஞ்சு நிறைகிறது. நம் காலத்துக்குத் தோதான ஆறுதலும்கூட. பேசாமலே இருக்கலாம், உணர்ச்சி இருந்தால் போதும் என்று எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். நான் அப்படித்தான் தள்ளிப்போட்டேன்.

ஆனால் புறநானூற்றில் உள்ள கதை அங்கே நிற்பதில்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடும்போது, அவன் வருவான், அவனுக்கும் இடம் ஒதுக்குங்கள் என்கிறான். பிசிராந்தையார் வந்து சேர்கிறார். வந்தாரே என்று பொத்தியார் வியந்து பாடுகிறார். அந்தக் கதையின் உயிர் அவர் கிளம்பி வந்ததில் இருக்கிறது. பிசிரில் உட்கார்ந்தபடியே உணர்ச்சிவசப்பட்டுக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி இன்று யாரும் பேசப் போவதில்லை. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனக்குத் தேவைப்பட்ட சொல் அதே புத்தகத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி இருந்தது. 'நட்பு' 79-ஆவது அதிகாரம். நடுவில் 'நட்பாராய்தல்'. 81-ஆவது 'பழைமை'. பள்ளியில் மனப்பாடப் பகுதிக்கு நட்பு வந்த அளவுக்குப் பழைமை வந்ததாக ஞாபகமில்லை. பழைமை என்றால் நெடுங்காலப் பழக்கம். அதற்கு வள்ளுவர் கொடுக்கும் இலக்கணத்தில் அன்பு, பாசம், நினைவு எதுவும் வரவில்லை. கிழமை வருகிறது. கிழமை என்றால் உரிமை. உரிமையால் செய்ததை எந்த வகையிலும் சிதைக்காமல் இருப்பதே பழைமை என்று தொடங்குகிறார். பிறகு கெழுதகைமை என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதுவும் உரிமைதான், கேட்காமலே செய்துவிடும் உரிமை. 804-இல் அதையே நேராகச் சொல்கிறார்: நண்பர் உரிமையால் கேளாமல் ஒன்றைச் செய்துவிட்டால், அதை விரும்பி ஏற்பார்கள்.

கேளாமல்! படித்த அன்று அந்த ஒரு சொல்லோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டல் வாழ்க்கை மொத்தமும் அதுதானே. கேட்காமல் எடுத்த சோப்பு, கேட்காமல் போட்டுக்கொண்டு போன செருப்பு, கேட்காமல் தட்டிலிருந்து பிய்த்த பரோட்டா, கேட்காமல் படித்த காதல் கடிதம். இன்று "ஃப்ரீயா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குறிதான் நடுவில் வந்து உட்கார்ந்தது. இதில் ஒரு வேடிக்கை, இன்றைய தமிழில் கிழமை என்றால் ஞாயிறு, திங்கள் மட்டும்தான். எந்தக் கிழமை ஃப்ரீ என்று நண்பனிடம் கேட்கிறபோது வள்ளுவருடைய சொல்லையேதான் புழங்குகிறோம், பொருளை எங்கேயோ விட்டுவிட்டு.

இப்படிப் பார்த்தால், கிழமையைச் சரியாகக் காட்டிய தமிழ்ப் படம் ஒன்று உண்டு. ஆனால் அது நட்புக்கு அதைக் கொடுக்கவில்லை. பிரேம்குமாரின் '96' (2018) படத்தில் கூடலுக்கான ஏற்பாடு வாட்ஸ்அப் குழுவில் தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பள்ளித் தோழர்கள் 22 வருஷம் கழித்துச் சென்னையில் கூடுகிறார்கள். அந்தக் கூடல் கொஞ்ச நேரம்தான். கதை ராமையும் ஜானுவையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறது, தோழர்கள் ஃபோனில் விசாரிப்பவர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். ராத்திரியில் ஜானு அவனை சலூனுக்கு இழுத்துப்போய் உட்காரவைத்துத் தாடியைத் திருத்த வைக்கிறாள். அவள் அனுமதி கேட்கவில்லை, அவனும் தலையைக் கொடுத்துவிடுகிறான். அத்தனை வருஷம் கழித்தும் அந்த உரிமை சேதமில்லாமல் இருக்கிறது. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அது. ஆனால் தமிழ் சினிமாவுக்கு அதைக் காதலர்களிடம்தான் காட்டத் தெரிகிறது. நண்பர்களுக்கு ஒரு குரூப் போட்டோவும் நாலு கட்டிப்பிடித்தலும் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறது.

இதோடு முடித்திருந்தால் இது ஹாஸ்டலைப் பற்றிய இன்னொரு ஏக்கக் கட்டுரையாக ஆகியிருக்கும். ஆனால் பழைமை அதிகாரத்தை முழுக்கப் படித்தபோது ஒன்று உறுத்தியது. பத்துக் குறளும் ஒரே பக்கத்து ஆளிடம்தான் பேசுகின்றன. நண்பன் நோகும்படி ஒன்றைச் செய்தால் அறியாமையால் செய்தான், அல்லது மிகுந்த உரிமையால் செய்தான் என்று எடுத்துக்கொள். அழிவு தருவதைச் செய்தாலும் அன்பை விடாதே. அவன் தவறு செய்த நாள் உனக்குப் பயனுள்ள நாள் என்றுகூட 808 சொல்கிறது. எல்லாமே பொறுத்துக்கொள்பவனுக்கு. எடுத்துக்கொள்பவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. எடுத்துக்கொண்டவன் தன்னை என்னவென்று உணர வேண்டும்?

இது எனக்கு ஏட்டுக் கேள்வியாகத் தெரியவில்லை. எங்கள் அறையில் ஒருவன் இருந்தான். 19 வயதிலேயே முன்நெற்றியில் நரை. அதனால் 'தாத்தா' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கயத்தாறு பக்கம் ஒரு சிற்றூர். அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அவனிடம் மொத்தம் நாலு சட்டை, அதில் நல்லது ஒன்று: வெளிர்நீலம், முழுக்கை. கேம்பஸ் இன்டர்வியூ அன்று காலை ஒன்பதரைக்கு எனக்கு ஸ்லாட், மத்தியானம் இரண்டுக்கு அவனுக்கு. என் சட்டையில் இஸ்திரி போடும்போது ஓட்டை விழுந்துவிட்டது. அவன் குளிக்கப் போயிருந்தான். கொடியில் தொங்கிய வெளிர்நீலத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு மணிக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. டெக்னிக்கல், எச்.ஆர் என்று இழுத்து, திரும்பி வரும்போது மூன்று. பக்கத்து அறை குண்டன் ஒருவனின் சட்டையைப் போட்டு, கையை நாலு மடிப்பு மடித்துக்கொண்டு அவன் போயிருந்தான்.

எனக்கு வேலை கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. சட்டையால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டையால் இல்லை என்றும் சொல்ல முடியாது. அன்று ராத்திரி "ட்ரீட் எப்படா?" என்று மட்டும் கேட்டான். அது ஹாஸ்டலின் நல்ல கதைகளில் ஒன்றாகவே என் மனசில் இருந்தது. நாலைந்து இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியும் இருக்கிறேன். கேட்காமல் எடுப்பது எங்கள் உரிமை என்றேனே, இப்போது கணக்குப் பார்த்தால், தாத்தா எங்கள் யாருடைய சட்டையையும் ஒரு நாளும் கேட்காமல் எடுத்ததில்லை. கேட்டும் எடுத்ததில்லை. அந்த ஒரு நாளைத் தவிர. கிழமையிலும் வரவு செலவு உண்டு போல. அதிகம் உள்ளவன் கேட்காமல் எடுக்கிறான், குறைவாக உள்ளவன் பொறுத்துக்கொள்கிறான், இரண்டுக்கும் நட்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஹாஸ்டல் வாழ்க்கையைப் பொற்காலமாகக் காட்டும் படங்கள் எதுவும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. 'நண்பன்' ஜீவாவின் வீட்டு வறுமையைக் காட்டத்தான் காட்டுகிறது. ஆனால் முக்கால்வாசியும் சிரிப்பு மூட்டுவதற்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாத்தாவின் அப்பா இறந்துபோனார். எனக்குத் தெரிந்தது ஐந்து வாரம் கழித்து, வேறொருவன் சொல்லி. குழுவில் அவன் போடவே இல்லை. பதறிப்போய் ஃபோன் செய்தேன். "ஏன்டா சொல்லல?" "நீ வேலையில இருப்ப, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன் மாப்ள," என்றான். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தொந்தரவு என்றுதான் நினைத்திருக்கிறான். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பை மறுபடி எடுத்தேன். இருவரும் 1923-ஐ ஒட்டி, கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்தவர்கள். சேர்ந்து புத்தகம் படித்து, சேர்ந்து சங்கீதப் பைத்தியம் பிடித்து அலைந்தவர்கள். ஒருவர் பத்திரிகை வேலைக்கென்று சென்னை போனார், அங்கிருந்து மலேயா போனார். மற்றவர் ஊரிலேயே விவசாயியாக இருந்தார். கல்லூரி இல்லையே தவிர, எங்கள் கதைதான்: போனவன் ஒருவன், இருந்தவன் ஒருவன். அழகிரிசாமி 1970-இல் இறந்துபோனார். கி.ரா. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இருந்தார், 2021 வரை. அந்தக் கடிதங்களைப் பலரும் இலக்கியச் சரித்திரத்துக்கான ஆவணமாகப் படிக்கிறார்கள். எனக்கு அதில் இலக்கியம் இரண்டாம் பட்சம். கடிதம் வருவதற்கு முன் அனுமதி கேட்பதில்லை. எதிரே இருப்பவனுக்கு ஓய்வா, வேலையா என்று பார்க்காமல் வந்து விழுகிறது. எழுதுகிறவருக்கும் தான் தொந்தரவு செய்கிறோமோ என்ற எண்ணம் இல்லை. சிநேகிதனுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கும் என்று நம்பி, சொல்ல வேண்டியதையும் சொல்ல வேண்டாததையும் சேர்த்து எழுதுகிறார். தொலைவில் இருந்துகொண்டே கிழமையைக் காப்பாற்றிய இரண்டு பேரை நான் கண்ணால் பார்த்தது அந்தப் புத்தகத்தில்தான். கடிதங்களைப் பொத்தி வைத்தவர் ஊரிலேயே இருந்தவர். போனவன் எழுதாமல் இருந்திருந்தால் இருந்தவனிடம் பொத்தி வைக்க ஒன்றும் இருந்திருக்காது.

டிவியை அணைத்த அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். ரயிலில் கோவில்பட்டி, அங்கிருந்து பஸ். இடைசெவல் தாண்டும்போது எழுந்து ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் காற்றாலைகள். அவன் இப்போது அவற்றைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அந்த விசிறிகளின் உச்சிக்கு ஏணியில் ஏறி இறங்குகிற வேலை.

அவன் அம்மாதான் முதலில் பார்த்தார். "யாரு... ஹாஸ்டல் பிள்ளையாப்பா? வாய்யா வா," என்றவர், உள்ளே திரும்பி அவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அந்தப் பெயர் ஒரு நொடி யாரோ வேற்றாள் பெயர் போல இருந்தது. தாத்தா வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, இப்போது பட்டப்பெயர் பொருந்துகிறது. "ஒரு ஃபோன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே," என்றான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். டவரா டம்ளரில் காபி வந்தது. கறி எடுக்க ஆள் போனது. நான் விருந்தாளி.

சாப்பிட்ட பிறகு சட்டைக் கதையை நானே ஆரம்பித்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வந்தேன், வார்த்தை கூடவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது எங்கப்பா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது," என்றான். பிறகு, "நீ ஒரு மணிக்கு வந்துருவன்னு ரெண்டு மணி வரைக்கும் பனியனோட வாசல்லயே நின்னேன் மாப்ள." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ராத்திரி அங்கேயே தங்கினேன். மாற்றுத் துணி கொண்டு போகவில்லை. அறையில் கொடியில் அவன் கைலி ஒன்று தொங்கியது, கைக்கு எட்டும் தூரம்தான். அவன் கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் சத்தம் கேட்டது. வாளிச் சத்தம் நிற்கும் வரைக்கும் நின்றுகொண்டிருந்து, அவன் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.